ஒரு கிதாபைத் தேடி: திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை

புளிய மரங்கள் அடர்ந்த காடு என்னும் பொருளில் 'திந்திரிணி வனம்' என்று வழங்கி, பின்னர் மக்கள் நாவில் 'திண்டிவனம்' என மருவிய ஊர் எங்களுடையது. இங்கிருந்து விழுப்புரம் ஏறத்தாழ நாற்பது கிலோ மீட்டர் தொலைவே. இதனை ஒரு பயணம் என்று சொன்னால் வாசகப் பெருமக்கள் புன்னகை புரியக்கூடும். எனினும், சென்ற மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில் ஒரே ஒரு நூலை வாங்குவதற்காக நான் மேற்கொண்ட இந்தச் சிறு பயணம், தூர தேசங்களுக்குச் சென்று வந்தவருக்குக் கிட்டும் படிப்பினைகளை எனக்குத் தந்தது. அவற்றை இல்லங்களில் அமர்ந்து இவ்விதழைப் படிக்கும் சகோதர சகோதரியரோடு பகிர்ந்து கொள்வது கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் பயணத்துக்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மதரஸாவுக்கு ஒரு குடும்பத்தார் வந்திருந்தனர். குடும்பத் தலைவர் வபாத்தாகி நாற்பது நாட்கள் கடந்திருந்தன. அவர் விட்டுச் சென்றது ஒரு வீடும், சிறு நிலமும். வாரிசுகள் மனைவியும், இரு ஆண் மக்களும், ஒரு பெண்ணும். பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்குரிய பங்கு எட்டில் ஒன்று என்று நான் கூறியதும், விதவைப் பெண்மணியின் தம்பி தம் கையிலிருந்த நூலை விரித்தார். "ஹஜ்ரத், இதில் மூன்றில் ஒன்று என்றல்லவா இருக்கிறது!" என்றார். வாங்கிப் பார்த்தேன். வாரிசுரிமைச் சட்டங்களை விளக்கும் தமிழ் நூல் அது. எழுத்துகள் மங்கியிருந்தன. பட்டியலில் 8 என்னும் எண்ணின் இடப்பக்கம் அழிந்து 3 போல நின்றது. மேலும் புரட்டினேன், இடையே பதினாறு பக்கங்களைக் காணவில்லை. கைப்பேசி வழியே, பாதி விலைக்கு, யாரோ ஒரு விற்பனையாளரிடம் வாங்கியதாம். அசல் நூலை நகலெடுத்துத் தைத்த திருட்டுப் பதிப்பு அது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது.

அன்று சிக்கல் எளிதில் தீர்ந்தது. திருக்குர்ஆன் தமிழாக்கத்தை எடுத்து, 'அந்நிஸா' அத்தியாயத்தின் உரிய வசனத்தைக் காட்டினேன். அனைவரும் மன அமைதியோடு திரும்பினர். ஆனால் எனக்கு அமைதி இல்லை. நேரடியாகக் குர்ஆனில் எடுத்துக் காட்ட இயலாத நுட்பமான ஒரு சட்டமாக அது இருந்திருந்தால்? என்னிடம் வராமல் அந்த நூலை நம்பியே பங்கிட்டிருந்தால்? அழிந்துபோன ஓர் எண்ணால் பிள்ளைகளின் ஹக்கு கைமாறியிருக்கும்; உடன்பிறந்தோர் ஆயுள் முழுவதும் பேசாதிருக்கவும் கூடும். அந்நூலின் அசல் பதிப்பை மதரஸாவின் அலமாரியில் வாங்கி வைத்தே தீருவது என முடிவு செய்தேன். கைப்பேசியில் அல்ல, கடைக்குச் சென்று, கையில் எடுத்து, பக்கங்களைச் சரிபார்த்து!

இரயில் வண்டியில் ஓர் இளமை நினைவு

திண்டிவனத்தில் விசாரித்தேன். கிடைக்கவில்லை. எனவே மதரஸாவின் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் இரயில் ஏறினேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் சென்றன. இதே பாதையில், 1990களின் இறுதியில், விழுப்புரத்து அரசு கலைக் கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவனாக நாள்தோறும் சென்று வந்தவன் நான். மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது.

அந்நாளில் வண்டியில் ஏறிய பத்துப் பேரில் நால்வர் கையிலாவது ஏதேனும் அச்சுத்தாள் இருக்கும். வார இதழ், மாத நாவல், நாளேடு, ஒன்றுமில்லையேல் பொட்டலம் கட்டிய காகிதம்! விழுப்புரம் சந்திப்பின் நடைமேடையில் நின்ற புத்தகக் கடை எங்களுக்கு ஒரு தர்பார். வாங்கக் காசு இராது. வண்டி தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நின்றபடியே அட்டைகளைப் படிப்போம். தென்னிந்திய நிலையங்களில் இத்தகைய கடைகளைப் பரவச் செய்த நிறுவனம் சென்னை ஹிக்கின்பாதம்ஸ். 1844இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், இரயிலில் ஏறுவோர் பொழுது போக்க நூல் வாங்குவர் என்பதைக் கண்டுகொண்டது. வாசகன் கடைக்கு வரும்வரை காத்திராமல், வாசகன் நடமாடும் இடத்துக்கே கடையைக் கொண்டு சென்ற அந்த மதிநுட்பமே, சந்தை மாறும்போது தானும் மாறுதல் என்பதற்கு நாம் அறிந்த பழைய உதாரணம்.

தமிழ்ப் பெருநிறுவனங்களும் இதில் பின்தங்கவில்லை. 'தினத்தந்தி'க் குழுமம் 1969இல் 'ராணி முத்து' என்னும் மாத வெளியீட்டைத் தொடங்கி, முழு நாவல் ஒன்றை ஒரு ரூபாய்க்கு வழங்கியது. கெட்டி அட்டை நூல் நூலகத்துக்கும் செல்வர் இல்லத்துக்கும் உரியது என்றிருந்த நிலையில், செய்தித்தாள் முகவரின் மிதிவண்டியிலேயே நாவலும் ஏறி, குக்கிராமத்துத் தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்தது. என் பாட்டனார் வீட்டுப் பரணில், அட்டை கிழிந்த அவ்வெளியீடுகள் ஒரு கட்டு இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இன்று நான் ஏறிய பெட்டியில் நூல் வைத்திருந்தவர் எவருமில்லை. எல்லோர் கையிலும் கைப்பேசி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் சட்டைப் பையிலும் ஒன்று இருந்தது. எதிரில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவி, திரையில் தொடர்கதை ஒன்றைப் படித்துக்கொண்டே வந்தாள். படிப்பு ஒழியவில்லை, அது குடியிருப்பை மாற்றிக்கொண்டிருக்கிறது.

விழுப்புரத்தின் கடை வீதியில்

விழுப்புரம் ஒரு சந்திப்பு. சென்னை, திருச்சி, கடலூர், காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து திசைகளுக்கும் இங்கிருந்து தண்டவாளங்கள் பிரிகின்றன. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு மாவட்டத் தலைநகரான பின்பு ஊர் பெருத்துவிட்டது. இறங்கியதும் நடைமேடையில் பழைய புத்தகக் கடையைத் தேடினேன். நான் நின்று படித்த இடத்தில் தண்ணீர்ப் போத்தல்களும் பிஸ்கட் பொட்டலங்களும் அடுக்கப்பட்டிருந்தன.

இதழாளர் திரு.வி.க.வின் பெயர் தாங்கிய வீதியிலும், நேருஜி சாலையிலுமாக நான்கைந்து கடைகளில் ஏறி இறங்கினேன். புத்தகக் கடை என்று பலகை இருக்கிறது. உள்ளே பள்ளி உரைநூல்கள், போட்டித் தேர்வுக்கான தொகுப்புகள், குறிப்பேடுகள், பிறந்த நாள் பரிசுப் பொருள்கள். கடைசியாக ஏறிய கடையில், எழுபது வயது மதிக்கத்தக்க உரிமையாளர், "வாருங்கள் பாய், உட்காருங்கள்" என்று முக்காலியை நகர்த்தினார். நூலின் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பத்தாண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால் அந்த மூலையில் இரண்டு அடுக்கு இஸ்லாமிய நூல்களே இருந்தன. ரமலான் வந்தால் தீர்ந்துவிடும். இப்போது கேட்டு வருபவர் இல்லை. ஐயா, ஒரு நூலுக்குப் பதிப்பகத்தார் எனக்கு நூற்றுக்கு முப்பது கழிவு தருகிறார்கள். அதில் வாடகை, மின்சாரம், பையனுக்குச் சம்பளம். கைப்பேசியில் விற்பவன் வாங்குபவனுக்கே இருபத்தைந்து கழிவு தருகிறான். என் கடைக்கு வந்து நூலைப் புரட்டிப் பார்த்து, என் எதிரிலேயே கைப்பேசியில் வாங்குகிறார்கள். கோபித்து என்ன பயன்? அவர்கள் காசு, அவர்கள் கணக்கு."

பின்னர் அவர் எனக்காகச் சென்னைப் பதிப்பகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் வந்த விடை இது: "நூல் இருப்பில் இல்லை. முப்பது படிகளுக்குக் கேட்பு சேர்ந்ததும் அச்சிடுவோம். இதுவரை பத்தொன்பது பேர் சொல்லியிருக்கிறார்கள்." ஐந்து படிகளுக்குப் பணம் செலுத்தி, என் பெயரைப் பதிவு செய்தேன்.

முப்பது படிகள்! தமிழில் ஒரு நூல் என்றால் ஆயிரத்து இருநூறு படிகள் என்பது நெடுங்காலம் எழுதாச் சட்டமாக இருந்தது. அச்சுத் தகடு செய்ய ஆகும் செலவு நூறு படிக்கும் ஆயிரம் படிக்கும் ஒன்றே. ஆகவே ஆயிரம் அடித்தால்தான் படியொன்றின் விலை கட்டுப்படியாகும். தகடே வேண்டாத கணினி அச்சு வந்தபின் ஐம்பது, முப்பது, ஏன், ஒரே ஒரு படியையும் அச்சிடலாம் என்றாயிற்று. படியொன்றின் அடக்கவிலை சற்றுக் கூடும். ஆனால் விற்காத கட்டுகள் கிடங்கில் கரையானுக்கு இரையாகா. பணம் முடங்காது. நல்ல நூல் 'தீர்ந்துவிட்டது' என்று மறையவும் வேண்டியதில்லை. இது பெரிய நன்மை என்பதை மறுப்பதற்கில்லை.

"சின்னக் கடைக்காரன் புலம்புகிறான் என்று எண்ணாதீர்கள் பாய். உலகத்துப் பெரிய கம்பெனிகளே ஆடிப்போய்த்தான் இருக்கின்றன" என்று விடை கொடுத்தார் பெரியவர். அச்சொல் என்னோடு வந்தது. ஜும்ஆ தொழுகையை விழுப்புரத்திலேயே நிறைவேற்றிவிட்டு, அவர் சொன்னதை எண்ணிப் பார்த்தேன்.

யானைகளும் இடம் பெயர்கின்றன

ஆங்கில நூலுலகின் மாபெரும் நிறுவனங்கள் இரண்டு, பெங்குவின், ராண்டம் ஹவுஸ் என்பன. இரண்டும் 2013இல் ஒன்றாயின. ஏன்? இணைய வழி விற்பனையில் ஓங்கி நின்ற அமேசான் போன்ற வணிகப் பேரரசோடு விலை பேச வேண்டுமெனில், தாமும் பேருருவம் கொள்ள வேண்டும் எனக் கருதினர். 2020இல் ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மன் குழுமம் அந்நிறுவனம் முழுவதற்கும் உரிமையாளர் ஆயிற்று. அத்தோடு நில்லாது, 'சைமன் அண்ட் சூஸ்டர்' என்னும் மற்றொரு பெரிய பதிப்பகத்தையும் விழுங்க முயன்றபோது, அமெரிக்க நீதிமன்றம் 2022இல் தடுத்தது. வாங்குவோர் குறைந்தால் எழுத்தாளருக்குக் கிட்டும் ஊதியம் குறையும் என்பது அவ்வழக்கில் அரசுத் தரப்பின் வாதம். பின்னர் 2023இல் அப்பதிப்பகம் கே.கே.ஆர். என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

அவர்கள் நம் நாட்டு மொழிகளையும் நாடி வருகின்றனர். பெங்குவின் ராண்டம் ஹவுஸ் 2018இல், இந்தியில் மலிவு விலை நூல்களுக்குப் பெயர் பெற்ற ஹிந்த் பாக்கெட் புக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. தமிழின் பெருமாள்முருகன் நாவல்களை ஆங்கிலமாக்கி உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றதும் இத்தகைய நிறுவனங்களே. அவருடைய 'பூக்குழி'யின் ஆங்கில வடிவம் 2023இல் பன்னாட்டுப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

சென்னையில் வேர் கொண்ட வெஸ்ட்லாண்ட் பதிப்பகத்தின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. டாட்டா குழுமத்தின் வசமிருந்த அதனை 2016இல் அமேசான் வாங்கியது. 2022 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்தது. எழுதியவர்கள் திகைத்து நிற்க, அப்பணியாளர்களை அரவணைத்தது எது தெரியுமா? கைப்பேசியில் தொடர்கதைகளை வெளியிடும் 'பிரதிலிபி' என்னும் பெங்களூரு நிறுவனம்! இரயிலில் எனக்கெதிரே அமர்ந்த மாணவி படித்தது போன்ற கதைகளே அதன் மூலதனம். திரையில் வளர்ந்த ஒன்று தாளுக்குக் கை கொடுத்த விந்தை அது.

தமிழ்நாட்டிலும் இந்த அசைவு உண்டு. 2004இல் தோன்றிய கிழக்கு பதிப்பகம் மாணவர்க்கெனச் சிறு நூல்களை 'பிராடிஜி' என்ற பெயரில் மலிவாக வெளியிட்டது. தொலைபேசியில் அழைத்தால் நூல் வீடு வரும் ஏற்பாட்டையும் செய்தது. 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் மின்னூல் தமிழுக்கும் வழி திறந்தது. திண்டிவனத்துச் சந்தொன்றில் வசிக்கும் ஒருவர் நள்ளிரவில் நினைத்த நூலை நொடியில் பெறலாம். எம் முன்னோர் கனவிலும் காணாத வசதி இது, அல்ஹம்துலில்லாஹ்!

ஆயின் இத்தனை மாற்றங்களையும் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. பெருநிறுவனங்கள் அச்சிடும் முறையை மாற்றின, உரிமையாளரை மாற்றின, விற்கும் வழியை மாற்றின. இம்மாற்றங்கள் அனைத்தும், தனக்கு எந்த நூல் வேண்டும் என்று ஏற்கெனவே அறிந்த வாசகனுக்குப் பயன் தருவன. எது வேண்டும் என்றே அறியாதவனுக்கு? கைப்பேசியில் தேட வேண்டுமானால் பெயர் தெரிய வேண்டும். கண்ணில் படாத ஒன்றை யார் தேடுவார்? நடைமேடைக் கடையில் காசின்றி நின்ற மாணவனாகிய நான், தேடிச் சென்று கண்டவை சில; தேடாமல் கண்டவை பல. என் வாழ்வைத் திருத்தியவை பின்னவையே.

சனது அறுபடலாமா?

இதைவிடக் கவலை தருவது மற்றொன்று. ஹதீஸ் கலை பயின்ற எங்களுக்கு 'சனது' என்னும் சொல் உயிர் போன்றது. ஒரு செய்தியை யார், யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் சங்கிலியே சனது. அதில் பெயர்கள் இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் உண்மையில் சந்தித்தார்களா என்றும் அறிஞர்கள் துருவி ஆராய்ந்தனர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் சந்திப்பு நிரூபணமாவதை வலியுறுத்தியவர்கள். நம்பகமானவர்களின் பெயரைச் சூட்டிப் பொய்ச் செய்திகளை உலவ விட்டோர் இருந்தமையால்தான் இத்துணை எச்சரிக்கை.

அச்சு நூலுக்கும் ஒரு சனது உண்டு. தலைப்புக்குப் பின்பக்கத்தில் காணப்படும் பதிப்பு விவரம்தான் அது. ஆசிரியர் இன்னார், பதிப்பித்தவர் இன்னார், அச்சகம் இன்னது, ஆண்டு இன்னது. 1867ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் ஊரும் ஒவ்வொரு நூலிலும் இருந்தாக வேண்டும் என விதித்திருந்தது. 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டுமே கவனிக்கிறது. நூல்கள் அதன் வரம்பில் இல்லை. பெரிய நிறுவனங்களோ அப்பக்கத்துக்குப் புதுப் பணி கொடுத்துள்ளன. தம் நூல்களைச் செயற்கை நுண்ணறிவுக் கணினிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தக் கூடாது என்னும் எச்சரிக்கையைப் பெங்குவின் ராண்டம் ஹவுஸ் 2024இல் அங்கே சேர்த்தது.

அந்தக் குடும்பத்தார் கொண்டு வந்த திருட்டு நூலிலும் பதிப்பு விவரப் பக்கம் இருந்தது! அசலிலிருந்து அதையும் சேர்த்தே நகலெடுத்திருந்தனர். பெயர் இருக்கிறது, சந்திப்பு இல்லை. பதிப்பகத்தார் அந்நூலைத் தொட்டதில்லை. அறிந்த கடைக்காரர் எவரும் அதைக் கை மாற்றவில்லை. முகமறியாத ஒருவர் மற்றொரு முகமறியாதவருக்கு அனுப்பிய பொதி அது. விழுப்புரத்துப் பெரியவரின் கடை மூடப்பட்டால், இழப்பு அவருக்கு மட்டுமன்று. நம் சங்கிலியில் நாம் முகமறிந்த ஒரே கண்ணி அவர்தாம்.

இஸ்லாமியத் தமிழ் நூல்கள் இந்நாள் வரை வந்து சேர்ந்ததே முகமறிந்த கைகளின் வழியேதான். உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓலையில் கிடந்ததைத் தேடித் தொகுத்து, 1842இல் அச்சேற்றியவர் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் அரபுத் தமிழ் கிதாபுகளை நம் பாட்டிமார் இல்லங்களில் ஓதி மார்க்கம் அறிந்தனர். அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் பல்லாண்டு உழைத்து முடித்த 'தர்ஜமதுல் குர்ஆன்' 1949இல் முழுமையாக வெளிவந்தது. இவர்களுக்குப் பின்னால் பெருநிறுவனம் எதுவும் இல்லை. முன்பணம் தந்த வள்ளல்களும், தலையில் சுமந்து விற்ற வணிகர்களும், வாங்கி வாசித்த குடும்பங்களும் இருந்தனர்.

ஓமந்தூர் சொல்லும் பாடம்

மாலையில் பேருந்தில் திரும்பினேன். திண்டிவனம் நிலையத்தில் இறங்கியபோது, ஒரு முதியவர் ஓமந்தூருக்குப் பேருந்து எங்கே என்று என்னிடம் விசாரித்தார். வழி காட்டினேன். அவர் போன பிறகுதான் பொறி தட்டியது. வரலாறு படித்த எனக்கு இத்தனை நேரம் எப்படி மறந்தது?

எங்கள் ஊரை அடுத்த அந்த ஓமந்தூரில் பிறந்த விவசாயியாகிய ஓ.பி. இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். அவருடைய இரண்டாண்டு ஆட்சியில், நூல்கள் தொடர்பாக இரண்டு பெருங்காரியங்கள் நிகழ்ந்தன. முதலாவது, 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். நூலகத் தந்தை எஸ்.ஆர். அரங்கநாதனின் இடையறாத முயற்சியும், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கத்தின் துணையும் கொண்டு உருவான அச்சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. வீட்டு வரியோடு நூலகத்துக்கும் ஒரு சிறு தொகை செலுத்தி, ஊருக்கு ஊர் நூலகம் காணும் வழி அதனால் பிறந்தது. இரண்டாவது, மகாகவி பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு தன் வசம் பெற்றது. பின்னர் அது பொதுமக்களுக்கே உரிமையாக்கப்பட்டது. இன்று பாரதியின் கவிதைகளை எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம், ஏழையும் வாங்கலாம். அந்த வழியைப் பின்பற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது.

சந்தை தன் கணக்கைப் பார்க்கும், அதில் குற்றமில்லை. சந்தையின் கணக்கில் வராதவனிடம் நூலைக் கொண்டு சேர்க்க வேறொரு கை வேண்டும் என்பதை எங்கள் பக்கத்து ஊர்க்காரர் அன்றே உணர்ந்திருந்தார்.

அந்தக் கை இன்றும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 2022 முதல் தமிழக அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்த முற்பட்டது. விழுப்புரத்துக்கும் அது வந்தது. என் மனைவியையும் மகளையும் அழைத்துச் சென்றிருந்தேன். பாடநூல் தவிர எதையும் தொடாத மகள், ஓர் அரங்கில் இப்னு பதூதாவின் பயணங்களைக் கூறும் சிறு நூலைக் கையில் எடுத்தவள், "அத்தா, இது யார்?" என்றாள். அவள் எப்படித் தேடியிருப்பாள் அந்தப் பெயரை?

அஞ்சலும் அத்தகைய ஒரு கைதான். குறைந்த கட்டணத்தில் நூல்களைச் சுமந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பாளர் தவித்தனர். 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்னும் புதிய சேவை வந்தது. முந்நூறு கிராம் வரை இருபது ரூபாய், ஐந்து கிலோ வரை அதிகபட்சம் நூறு ரூபாய் என்பது அப்போது அறிவிக்கப்பட்ட கட்டணம்.

நம் பங்கு

மூன்று வாரம் கழித்து அஞ்சற்காரர் பொதியைக் கொடுத்தார். ஐந்து படிகள். முதலில் பாகப்பிரிவினைப் பட்டியலைத் திறந்தேன். எட்டு எட்டாகவே இருந்தது. பதினாறு பக்கங்களும் இருந்தன. ஒரு படியை அந்தக் குடும்பத்தாருக்குக் கொடுத்து, அவர்களிடமிருந்த நகலைப் பெற்றுக்கொண்டேன். அவர்கள் ஏமாற்றியவர்கள் அல்லர், ஏமாந்தவர்கள். பாதி விலை என்றதும் எவருக்கும் கை நீளும். பிறர் உழைப்பைத் திருடி விற்கும் பொருளை மலிவென்று வாங்குவது நம் மார்க்கத்துக்கு உகந்ததா என்பதை மட்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது படி மதரஸாவின் உள் அலமாரிக்குச் சென்றது. மூன்றாவதை வைத்து ஒரு சிறு காரியம் தொடங்கினோம். மதரஸாவின் திண்ணையில் கதவில்லாத மர அலமாரி ஒன்று. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் படித்து முடித்த நல்ல நூல் ஒன்று. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பெண்களும் பிள்ளைகளும் வந்து புரட்டலாம், எடுத்துச் செல்லலாம். பெரிய மாணவர்களுக்கு ஒரு வேலை தந்துள்ளேன்: வரும் நூல் ஒவ்வொன்றின் பதிப்பு விவரத்தையும் பார்த்து, பக்கங்களை எண்ணி, ஏட்டில் பதிய வேண்டும். சனதைச் சரிபார்க்கும் பயிற்சி அது என்று சொன்னபோது, அவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரத்தையோடு செய்யத் தொடங்கினார்கள். இதுவரை நாற்பத்தாறு நூல்கள் சேர்ந்துள்ளன.

எஞ்சிய இரண்டு படிகளை அடுத்த வெள்ளியன்று விழுப்புரத்துக்குக் கொண்டு சென்றேன். "ஐயா, இவற்றை உங்கள் கடையில், வாசலில் தெரியும்படி வையுங்கள். விற்றால் எனக்குச் சொல்லுங்கள், மேலும் தருவிக்கலாம்" என்றேன். பெரியவர் குறிப்பேட்டுக் கட்டுகளைச் சற்று நகர்த்தி இடம் செய்தார்.

சகோதர சகோதரியரே! பெருநிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையட்டும், பிரியட்டும். தாளிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து தாளுக்கும் போகட்டும். அதைத் தீர்மானிப்பவர்கள் நாமல்லர். நம் ஊரில் ஒரு புத்தகக் கடை இருக்குமா, நம் பிள்ளைகளின் கண்ணில் நாள்தோறும் நாலு நூல்களாவது படுமா என்பதைத் தீர்மானிப்பவர்கள் நாமே. திருமணத்துக்கும், பெருநாளுக்கும், புதுமனை புகுவிழாவுக்கும் ஒரு நூலையேனும் உள்ளூர்க் கடையில் வாங்கிப் பரிசளிக்கும் பழக்கத்தை நம் இல்லங்கள் மேற்கொள்ளலாகாதா?

சென்ற வாரம் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "பாய், ஒன்று விற்றுவிட்டது" என்றார். வாங்கியவர் யார் என்று கேட்டேன். "தெரியவில்லை. குறிப்பேடு வாங்க வந்த ஒரு பெண்பிள்ளை. நெடுநேரம் நின்று புரட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போனாள்" என்றார்.